சீனி சேர்ப்பது சுவைக்காகவா?

வயிற்றோட்டம் கண்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் ஜீவனிப் பொட்டலத்தை அறியாத வீடு நம் நாட்டில் அரிது. அதைப் பிரித்துப் பார்த்தால் வெண்ணிறத் தூள் சிறிதளவு இருக்கும். அத்தூளிற் பெரும்பகுதி கறியுப்பும் குளுக்கோசு என்னும் சீனியுமே. உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் அண்மையில் எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். உடல் இழந்தவை நீரும் உப்புமானால், உப்புநீரைக் குடிப்பித்தாற் போதாதா? சீனியை ஏன் சேர்க்கவேண்டும்? பிள்ளைகள் முகஞ் சுளியாமற் குடிக்கும் பொருட்டோ?

வினா சிறிது. விடையோ ஆய்வுகூடத்திலும் நோயாளர் படுக்கையருகிலுமாக ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தேடப்பட்டது. அது கிடைப்பதற்குள் மாண்டவர் தொகை கோடிக்கணக்கு. அக்கதையை இக்கிழமை வாசகர்களுக்குச் சொல்ல எண்ணுகின்றோம்.

வாந்திபேதி என்னும் கொலராவிலிருந்து தொடங்குவதே முறை. காலையிற் சுகதேகியாய் இருந்தவர் மாலையிற் பிணமாவது அந்நோயின் இயல்பு. அரிசி கழுவிய நீர் போன்று மலம் இடைவிடாது கழியும். கடுமையாகப் பீடிக்கப்பட்டவர் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் வரை நீரை இழப்பதுண்டு. கண்கள் குழிவிழும்; தோல் சுருங்கும்; குரல் அடங்கும்; நாடி மறையும். ஆயினும் பெரும்பாலார்க்கு அறிவு இறுதிவரை தெளிவாகவே இருக்கும் என்பதுதான் அந்நோயிற் கொடிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது தென்னிந்தியக் கரையிலிருந்து மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பன்முறை வந்து ஊர்களை வெறுமையாக்கிற்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்து, ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழிலாக்கிய கிறீன் வைத்தியர் காலத்திலும் அதற்கு உறுதியான பரிகாரம் உலகில் எவரிடத்தும் இருக்கவில்லை.

எனினும் பரிகாரத்தின் பாதி அதற்கு முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. 1831 இல் இங்கிலாந்தில் வாந்திபேதி பரவியபோது, இருபத்திரண்டு வயதேயான வில்லியம் ஓஷாக்னசி என்னும் இளம் வைத்தியர் நோயாளரின் குருதியைப் பகுத்தாய்ந்து, அதில் நீரும் உப்புக்களும் பெரிதுங் குறைந்திருத்தலைக் காட்டினார். (இவரே பின்னர் கல்கத்தா சென்று, இந்தியாவில் தந்திக் கம்பிகளை அமைத்தவர். அக்காலத்தில் ஒரே மனிதர் எத்தனை துறைகளிற் கால்வைத்தார் என்று வியவாதிருக்க இயலவில்லை.) அடுத்த ஆண்டில் தோமஸ் லற்றா என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர், சாகுந் தறுவாயில் இருந்தோரின் நாளத்துள் உப்புநீரைச் செலுத்திச் சிலரை மீட்டார். ஆனால் கிருமிகளைப் பற்றிய அறிவு தோன்றாத காலம் அது. கொதிக்கவைத்துத் தூய்மையாக்காத நீரை நாளத்துட் செலுத்தியதாலும், ஒருமுறை செலுத்திப் பின் விட்டுவிட்டதாலும் பலர் இறந்தனர். வைத்திய உலகம் அம்முறையைக் கைவிட்டு, குருதியை வடித்தலும் பேதிக்குக் கொடுத்தலுமாகிய பழைய முறைகளுக்கே திரும்பிற்று. நீரிழந்து வாடுபவனுக்குப் பேதி மருந்து! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் கல்கத்தாவில் லெனாட் றொஜர்ஸ் என்பார் உப்புநீர் ஏற்றுதலைச் செப்பஞ்செய்து மீண்டும் வழக்கிற் கொணர்ந்தார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் தூய நீர், கண்ணாடிப் போத்தல், ஊசி, குழாய், பயிற்சி பெற்றோர் ஆகிய இவையாவும் இருந்தாலன்றி அம்முறை பயன்படாது. வாந்திபேதியோ இவை யாதும் இல்லாத இடங்களையே தேடிச் செல்வது.

நோய்க்குக் காரணமான கிருமியை ஜேர்மனிய அறிஞர் றொபேட் கொக் 1884 இல் கல்கத்தாவில் உறுதிப்படுத்தினார். காற்புள்ளி போல் வளைந்த சிறு பற்றீரியா அது. அக்கிருமி நஞ்சொன்றைச் சுரக்கின்றது என்றும் அவர் எண்ணினார். ஆனால் அந்நஞ்சை எடுத்துக் காட்ட அவராலும் இயலவில்லை, அவருக்குப் பின்வந்த எழுபது ஆண்டு ஆராய்ச்சியாளராலும் இயலவில்லை. கிருமியை விலங்குகளின் குருதியிலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் நோயுற்றன, சில இறந்தன, வாந்திபேதி மட்டும் வரவில்லை.

அம்முடிச்சை அவிழ்த்தவர் சம்புநாத் தே என்னும் வங்காளி. 1915 இல் ஹூக்ளி மாவட்டத்துக் கிராமமொன்றிற் பிறந்து, கல்கத்தாவில் மருத்துவமும் இலண்டனில் நோயியலும் பயின்று, மீண்டும் கல்கத்தாவுக்கே வந்தவர். அவருடைய பரிசோதனையைக் கேட்டால், "இவ்வளவுதானா!" என்று தோன்றும். முயலொன்றை மயக்கி, அதன் சிறுகுடலில் ஒரு துண்டத்தை இருபுறமும் நூலாற் கட்டினார். கட்டுக்களுக்கு இடையே கிருமிகளைச் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்தபோது அக்குடற்றுண்டம் அரிசி கழுவிய நீர் போன்ற நீரால் வீங்கியிருந்தது. 1953 இல் இதனை வெளியிட்டார். நோய் குடலில் நிகழ்வது. ஆதலின் குடலினுள்ளேயே சோதிக்கவேண்டும் என்பதே அவர் கண்ட நுட்பம். அறிஞர் பலர் எழுபது ஆண்டுகளாகத் தவறான வாயிலைத் தட்டிக்கொண்டிருந்தனர்.

1959 இல் அவர் இன்னும் ஒரு படி சென்றார். கிருமிகள் வளர்ந்த திரவத்தை மிக நுண்ணிய வடியிற் செலுத்திக் கிருமிகளை முற்றாக நீக்கினார். எஞ்சிய தெளிநீரை முயற்குடலிற் செலுத்தினார். கிருமி ஒன்றேனும் இல்லாத அந்நீரும் குடலை வீங்கச் செய்தது. கிருமி வெளியே விடும் நஞ்சே நோயை விளைக்கின்றது என்பது ஐயமற நிலைநாட்டப்பட்டது. இலண்டனில் வெளியாகும் "நேச்சர்" என்னும் விஞ்ஞான ஏட்டில் அக்கட்டுரை சிறிதளவாகவே வெளிவந்தது. இக்காலத்து ஆய்வுகூடங்களின் பொறிகளில் ஒன்றும் அவரிடம் இருக்கவில்லை.

அவர் வாழ்ந்த காலத்திற் சொந்த நாடு அவரைப் பெரிதாகக் கொண்டாடவில்லை. 1978 இல் நொபெல் நிறுவனம் வாந்திபேதி பற்றிக் கூட்டிய கருத்தரங்குக்கு அவர் அழைக்கப்பட்டார். நொபெல் பரிசு பெற்ற லெடர்பேக் என்னும் அமெரிக்க அறிஞர் அப்பரிசுக்கு அவர் பெயரை முன்மொழிந்ததும் உண்டு. 1985 இல் அவர் மறைந்தார். எம் மாணவர்களுக்குப் பாடநூலிற் கொக்கின் பெயர் இருக்கின்றது. தேயின் பெயரை அவர்கள் எம்மிடமிருந்தே முதன்முறை கேட்கின்றனர்.

இனிச் சீனிக்கு வருவோம். வாந்திபேதி குடலின் உட்சவ்வை உரித்து அழித்துவிடுகின்றது என்று வைத்தியர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். சவ்வே அழிந்தபின் வாயால் எதைக் கொடுத்து என்ன பயன்? ஆதலால் குடலுக்கு ஓய்வு கொடு, நாளத்தின் வழியே நீரேற்று என்பதே விதியாயிருந்தது. பாங்கொக் நகரில் 1958, 1959 ஆம் ஆண்டுகளில் நோய் பரவியபோது, யூஜின் கங்கறோசா முதலாய அமெரிக்கரும் தாய்லாந்தினரும், உயிரோடிருந்த நோயாளரின் குடற்சவ்விலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கினர். சவ்வு அழியாமலே இருந்தது! இறந்தோர் உடலிற் கண்ட சிதைவு இறப்பின் பின் நேர்ந்தது போலும். குடல் உயிரோடுதான் இருக்கின்றது. நஞ்சு அதன் தொழிலை மாற்றி, உப்பையும் நீரையும் வெளியே தள்ளுமாறு ஏவிவிட்டிருக்கின்றது.

அடுத்த திறவுகோல் வாந்திபேதியோடு தொடர்பே இல்லாத ஓரிடத்திலிருந்து வந்தது. 1960 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பிராக் நகரிற் கூடிய அறிஞர் அவையில் றொபேட் கிறேன் என்னும் அமெரிக்க உயிரிரசாயனவியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். குடற்சவ்வின் கலங்களில் ஒருவகை வாயில் உண்டு. அது சோடியமும் குளுக்கோசும் ஒன்றுசேர்ந்து வந்தாலன்றித் திறவாது. சேர்ந்து வந்தால் இரண்டையும் உள்ளே விடும் என்பது அக்கருத்து. உப்பு உட்புகுந்தால் அதன் பின்னே நீரும் புகும். வாந்திபேதியின் நஞ்சு, உப்பு தனியே புகும் வழியை அடைத்துவிடுகின்றது. இந்தக் கூட்டுவாயிலையோ அது தீண்டுவதில்லை. எனவே வெறும் உப்புநீரைக் குடிப்பித்தால் அது மலத்தோடு கழிந்து போகும். அளவாகச் சீனி சேர்த்தால் அதே நீர் குருதியிற் சேரும். மாணவர் கேட்ட வினாவுக்கு விடை இதுவே. சீனி இங்கே வாயிலைத் திறக்கும் துணை. நாவுக்கு இனிப்பது தற்செயல்.

விடை தெரிந்துவிட்டது, இனிக் கொடுக்க வேண்டியதுதானே என்று வாசகர் நினைக்கலாம். அங்கேதான் இடர்ப்பாடு. கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்னும் வைத்தியர் 1953 இலேயே, நோய் கடுமையாகாத 186 பேருக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிப்பித்துக் குணப்படுத்தினார்; இலண்டனிலிருந்து வெளிவரும் "லான்செற்" ஏட்டில் எழுதியும் இருந்தார். எவரும் பொருட்படுத்தவில்லை. உட்சென்ற நீர் எவ்வளவு, வெளிச்சென்றது எவ்வளவு என்று அவர் அளந்து காட்டவில்லை என்பது ஒரு காரணம். கல்கத்தாவின் சிறு வைத்தியர் ஒருவர் சொல்லிற்கு மேனாட்டார் செவிசாய்க்காமை மற்றொரு காரணம் என்று நாம் எண்ணினால் அது பெரிதும் பிழையாகாது. பின்னர் 1962 இல் பிலிப்பைன்சில் றொபேட் பிலிப்ஸ் என்னும் அமெரிக்கக் கடற்படை வைத்தியர் இம்முறையைச் சோதித்தபோது, நோயாளர் சிலர் இறக்க நேர்ந்தது. உப்பின் அளவும் நீரின் அளவும் பொருந்தவில்லை. அவர் அஞ்சிப் பின்வாங்கினார். மனிதரிற் செய்யும் ஆராய்ச்சியில் அச்சம் குற்றமன்று.

டாக்காவில் 1960 இன் இறுதியில் வாந்திபேதி ஆராய்ச்சிக்கென்றே ஓர் ஆய்வுகூடம் நிறுவப்பட்டிருந்தது. 1968 இல் அங்கு பணிபுரிந்த டேவிட் நலின், றிச்சட் காஷ் என்னும் இருவரும் முப்பது வயதை எட்டாத அமெரிக்க வைத்தியர். முந்திய தோல்விகளை ஆராய்ந்த நலின் கண்டது மிக எளிய ஓர் உண்மை. நோயாளி இழக்கும் அளவை அளந்து, அதே அளவுக்குக் குடிப்பிக்கவேண்டும். கூடவும் கூடாது, குறையவுங் கூடாது. இதற்குத் துணையாக நின்றது ஒரு கட்டில். படுக்கையின் நடுவே துளை. துளையின் கீழ் அளவு குறித்த வாளி. அருவருக்கத்தக்க அந்த வாளியே உண்மையான ஆய்வுக் கருவி. கடும் நோயாளர்க்கு முதலில் நாளத்தின் வழியே நீரேற்றி நாடியை மீட்டபின், எஞ்சியதை வாயால் ஈடுசெய்தனர். இரவும் பகலும் நோயாளர் அருகில் இருந்து அளந்தனர். பரிசோதிக்கப்பட்டவர் 29 பேர். நாளத்தால் ஏற்றவேண்டிய நீரின் தேவை நூற்றுக்கு 80 வீதம் குறைந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் "லான்செற்" அதனை வெளியிட்டது. கல்கத்தாவில் நதானியேல் பியர்ஸ் முதலானோரும் அக்காலத்திலேயே இத்தகைய முடிவுகளை எய்தினர்.

ஆயினும் இவையாவும் பயிற்சி பெற்ற வைத்தியர் சூழ்ந்த வைத்தியசாலையில் நடந்தவை. வெளியே, வைத்தியர் இல்லாத இடத்தில், இது பயன்படுமா? அதைச் சோதிக்க எவரும் துணிந்திருக்கமாட்டார். காலமே சோதித்தது.

1971 இற் கிழக்குப் பாகிஸ்தானில் எழுந்த போரினால், ஆண்டிறுதிக்குள் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுள் ஏதிலிகளாய் நுழைந்தனர். எல்லையிலுள்ள பன்கான் என்னும் சிற்றூரில் மட்டும் இலட்சக்கணக்கானோர் ஒதுங்கினர். மழைக்காலம், கூடாரம், சேறு. வாந்திபேதி வெடித்தது. ஜூன் மாதத்தில் அங்கு சென்ற கல்கத்தா ஆய்வு நிலையத்துக் குழந்தை வைத்தியர் திலீப் மகலானபிஸ் கண்ட காட்சியைப் பின்னாளில் விவரித்துள்ளார். வைத்தியசாலையின் இரு அறைகளிலும் தரை முழுவதும் நோயாளர். நாளத்தில் ஊசி ஏற்றுவதற்கு அவர்களின் மலத்திலும் வாந்தியிலும் முழந்தாளிட வேண்டியிருந்தது. கையிலிருந்த சேலைன் போத்தல்கள் விரைவில் தீரும் நிலை. இம்முகாம்களில் நோயுற்றோருள் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தனர்.

அவர் முன் இருந்த வழிகள் இரண்டு. வழக்கமான முறைப்படி சிலரைக் காப்பாற்றிப் பலரைச் சாகவிடுவது ஒன்று. வெளிக்களத்தில் எவரும் சோதித்தறியாத முறையை, பயிற்சியற்றோர் கையில் ஒப்படைப்பது மற்றையது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். பிழைத்திருந்தால் அவர் பெயர் இன்று வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருக்கும். கல்கத்தாவில் குளுக்கோசும் கறியுப்பும் சோடா உப்பும் வாங்கி, நிறுத்துப் பொலித்தீன் பைகளில் இட்டு, துணி அழுத்தும் பெட்டியால் வாயை ஒட்டினர். ஒரு லீற்றருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. முகாமிற் குழாய் பொருத்திய பீப்பாய்களிற் கலந்து வைத்தனர். மக்கள் அஞ்சாது அருந்தும் பொருட்டு அதற்கு "வாய்வழிச் சேலைன்" என்று பெயரிட்டனர். சேலைன் என்ற சொல்லின் மதிப்பை அவர் நன்கறிந்திருந்தார்! கோப்பைகளில் ஏந்திக் குடிப்பித்தவர் யார்? நோயாளியின் தாய், தமையன், அயலான். தாகம் இருக்கும்வரை கொடுங்கள் என்பதே கட்டளை. இரண்டு கிழமைகளுள் பயன் தெரிந்தது. எட்டுக் கிழமைகளில் 3,000 இற்கு மேற்பட்டோர் அவ்வாறு பராமரிக்கப்பட்டனர். இறப்பு வீதம் 3.6 ஆக இறங்கிற்று.

இதன் பின்னும் வைத்திய உலகம் உடனே இணங்கவில்லை. சிலர், முறையான ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு இது என்றனர். அது சரியான குறையே. ஆனால் பன்கானில் ஒரு பாதியினருக்கு மருந்தை மறுத்து ஒப்பிட்டிருக்கவேண்டும் என்று எவர் சொல்வார்? அறிவைத் தாய்மாரிடம் கொடுத்துவிடத் தயங்கிய உள்ளமும் அத்தடைகளின் பின் இருந்ததென்பது எமது கருத்து. 1978 இல் உலகச் சுகாதார நிறுவனம் வயிற்றோட்டத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி இம்முறையை நாடுதோறும் பரப்ப முற்பட்டது. அவ்வாண்டில் "லான்செற்" ஏடு, இது அந்நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாகலாம் என எழுதிற்று.

பரப்புதல் எத்துணை அரிய பணி என்பதைப் பங்களாதேசத்தின் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் உணர்ந்தது. ஒரு முவ்விரற் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர்: இம்மூன்றையும் கலக்கும் முறையை 1980 முதல் பத்தாண்டுகளில் ஒரு கோடியே இருபது இலட்சம் வீடுகளுக்குச் சென்று கற்பித்தது. சில கிழமைகள் கழித்து வேறொருவர் சென்று, தாய்மாரின் நினைவில் எஞ்சியது எவ்வளவு என்று சோதிப்பார். அதற்கேற்பவே கற்பித்தவருக்குக் கூலி. (ஆசிரியராகிய எமக்கு இம்முறை சற்று நடுக்கத்தைத் தருகின்றது.) ஆயினும் தொடக்கத்தில், தாய்மார் பாடத்தை ஒப்புவித்தனரேயன்றிப் பிள்ளைக்கு நோய் வந்தபோது கலக்கிக் கொடுத்தவர் சிலரே. ஏனென்று ஆராய்ந்ததில், கற்பிக்கச் சென்ற பெண்களே அதை நம்பவில்லை என்பது வெளிப்பட்டது. தமக்கு வயிற்றோட்டம் கண்டால் அவர்கள் மாத்திரைதான் விழுங்கினர். அவர்களை டாக்கா ஆய்வுநிலையத்துக்கு அழைத்துச் சென்று, சாகும் நிலையில் வந்தோர் குடித்து எழுந்திருப்பதைக் கண்ணாற் காணச் செய்தபின்னரே நிலைமை மாறிற்று.

நம்மிடையே அந்நம்பிக்கைக் குறை தீர்ந்துவிட்டதென்று சொல்லமுடியாது. வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு நீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று நீரை மறுக்கும் பெரியவர்களை இன்றும் காண்கின்றோம். மற்றொரு புறம், "சேலைன் ஏற்றாமல் அனுப்பிவிட்டார்கள்" என்று வைத்தியரைக் குறைசொல்வோரும் உளர். குடிக்க இயலாத அளவுக்குச் சோர்ந்தவருக்கும், வாந்தி நில்லாதவருக்கும் நாளவழி நீர் இன்றும் இன்றியமையாதது; அவர்களைத் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். ஏனையோருக்குக் கோப்பையே போதும்.

அளவைப் பற்றி ஒரு சொல். பொட்டலத்திற் குறித்த அளவு சுத்த நீரிலேயே முழுப் பொட்டலத்தையும் கரைத்தல் வேண்டும். நீர் குறைந்தால் உப்பு மிகுந்து பிள்ளைக்குத் தீங்காகும். இன்னும் இனிக்கட்டும் என்று சீனியைக் கூட்டினால், அது குடலினுள் நீரை இழுத்து வயிற்றோட்டத்தை மிகுவிக்கும். வாயிலைத் திறக்கும் அளவைக் கடந்தால் அதே சீனி பகையாகின்றது. இக்காரணம் பற்றியே 2002 இல் உலகச் சுகாதார நிறுவனம் பழைய கலவையின் உப்பையும் சீனியையும் குறைத்தது. இன்றைய கலவையில் ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் உப்புமே உள்ளன. கரைத்த நீரை ஒரு நாளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது.

எமது பாட்டிமார் வயிற்றோட்டத்துக்கு உப்பிட்ட கஞ்சி கொடுத்ததை நினைவூட்டி, "இதெல்லாம் அன்றே அறிந்ததுதானே" என்று சொல்லும் வாசகரும் இருப்பர். அரிசியின் மாப்பொருள் குடலிற் சிறிது சிறிதாகக் குளுக்கோசாகப் பிரிவது உண்மை. 1980களில் டாக்காவில் அரிசிமாவைக் கொண்டு செய்த கலவைகள் வாந்திபேதி நோயாளரிற் சோதிக்கப்பட்டு, மலத்தின் அளவைக் குறைப்பனவாகவுங் காணப்பட்டன. ஆனால் அதே பாட்டிமாருட் பலர் நீரை மறுத்தனர் என்பதும், எத்தனை கோப்பை என்று எவரும் அளந்ததில்லை என்பதும் உண்மையே. கஞ்சி வீட்டில் இருந்தது. வாளி டாக்காவிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.